ரோபோ சிமுலேஷன் இமேஜ்: எங்கள் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை அரசரடிப் பக்கம் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் ரோபோ புரோகிராமிங் சொல்லித் தருகிறோம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்தெல்லாம் மாணவர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். நிஜ ரோபோ எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் ஒரு சக்கரம் ஆடும். அதனால் எல்லா வேலையும் கஸீபோ சிமுலேட்டரில்தான் (ரோபோவைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்), அதுவும் டாக்கர் கன்டெய்னருக்குள்தான் (ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் தனியாக ஓடவிடும் பெட்டி). வாரா வாரம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, இமேஜ், கன்டெய்னர் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. விளாச்சேரி பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே கொலு பொம்மை செய்கிறவர்கள் வீட்டில் அச்சுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இமேஜ் அந்த அச்சு மாதிரி. அதிலிருந்து எடுக்கிற பொம்மை கன்டெய்னர். ஒரே அச்சில் நூறு பிள்ளையார் எடுக்கலாம். ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடைந்தால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

உவமை இதோடு சரி. இமேஜ் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது என்பதற்கு எல்லோரும் ஜிகர்தண்டாவை இழுப்பார்கள், நான் இழுக்கப்போவதில்லை. அடியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் ராஸ் (ரோபோ புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச உதவும் மென்பொருள்), அதன்மேல் கஸீபோ, எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் கோடு. ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்தை வைத்தே கணக்கிட்ட ஷா256 என்ற நீள எண் அடையாளமாக உண்டு. பத்து இமேஜ்கள் ஒரே உபுண்டு அடுக்கின்மேல் நின்றால் அந்த அடுக்கு டிஸ்க்கில் ஒருமுறைதான் இருக்கும்.

விர்ச்சுவல் மெஷினுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

விர்ச்சுவல் மெஷின் கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி; அதற்குள் தனியாக ஒரு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஓடும். கன்டெய்னர் உங்கள் லினக்ஸின் கெர்னலையே பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் நொடியில் கிளம்புகிறது.

லேப்டாப்ல நேரடியா கஸீபோ போட்டா என்ன குறைஞ்சிடும்?

ஒரே ஒரு ப்ராஜெக்ட், ஒரே லேப்டாப், இன்னும் இரண்டு வருஷத்துக்கு எதையும் மாற்றப்போவதில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கஸீபோவின் கதை கொஞ்சம் சிக்கலானது. 2002-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2012-லிருந்து ஓப்பன் சோர்ஸ் ரோபாட்டிக்ஸ் ஃபவுண்டேஷன் பார்த்துக்கொள்கிறது. 2013-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபோ போட்டியில் முதல் சுற்றே இந்த சிமுலேட்டருக்குள்தான் நடந்தது. பிறகு உள்கட்டமைப்பை முதலிலிருந்து மாற்றி எழுதி, அதற்கு 'இக்னிஷன்' என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் வணிகக் குறியீட்டுச் சிக்கல் வந்து அதுவே மறுபடி 'கஸீபோ' ஆனது. பழையது 'கஸீபோ கிளாசிக்'. அதன் கடைசிப் பதிப்பு 11. 2025 ஜனவரியோடு அதன் ஆதரவு முடிந்தது.

ஆக நீங்கள் பார்க்கிற பாடத்தில் 'கஸீபோ' என்று எழுதியிருந்தால் அது எந்தக் கஸீபோ என்று முதலில் விசாரிக்க வேண்டும். சீனியர் கொடுத்த ப்ராஜெக்ட் கிளாசிக்கில் இருக்கும், அதற்கு உபுண்டு 20.04 தோதாக இருக்கும். புது ப்ராஜெக்ட் ராஸின் ஜாஸி பதிப்பில் இருக்கும், அது உபுண்டு 24.04-ல்தான் சுகமாக ஓடும், அதற்கு ஜோடி கஸீபோ ஹார்மோனிக். நடுவில் ராஸ் ஹம்பிள், உபுண்டு 22.04, கஸீபோ ஃபோர்ட்ரெஸ். மூன்றையும் ஒரே லேப்டாப்பில் நேரடியாகப் போட முயன்ற ஒரு தம்பி மூன்று வாரத்தில் நான்கு முறை உபுண்டுவை அழித்துப் போட்டான். கன்டெய்னர் என்றால் மூன்று இமேஜ், வேலை முடிந்தது.

'அதிகாரபூர்வ இமேஜ்'னு சொல்றாங்களே, யாரோட அதிகாரம்?

டாக்கர் ஹப் என்ற இணைய இமேஜ் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி இமேஜ் ஏற்றலாம். அப்படி ஏற்றியதற்கெல்லாம் பெயரில் ஒரு சாய்கோடு இருக்கும்: கணக்கின் பெயர், சாய்கோடு, இமேஜின் பெயர். சாய்கோடே இல்லாமல் வெறும் 'உபுண்டு', வெறும் 'ராஸ்' என்று இருப்பவை அதிகாரபூர்வ இமேஜ்கள். டாக்கர் நிறுவனம் நடத்துகிற தனித் திட்டம் அது. மென்பொருளின் சொந்தக்காரர்கள் டாக்கர் ஃபைலை, அதாவது இமேஜ் கட்டும் செய்முறையை, பராமரிப்பார்கள். டாக்கர் தரப்பு ஆட்கள் வரி வரியாகப் பார்த்துச் சம்மதிப்பார்கள். இமேஜைக் கட்டுவது டாக்கரின் சர்வர்கள்.

இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ராஸையும் பார்த்துக்கொள்கிற அந்த ஃபவுண்டேஷன் ஆட்கள் தங்கள் மெஷினில் இமேஜ் கட்டி ஏற்றுவதே இல்லை. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் அதிகாரபூர்வ இமேஜ்களுக்கென்று ஒரு பொது ரெப்போ (கோடு வைக்கும் இடம்) இருக்கிறது. அதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. பராமரிப்பாளர் பெயர், டாக்கர் ஃபைல் இருக்கும் ரெப்போ, எந்த கமிட் (கோடின் எந்த நிலை), எந்த ஃபோல்டர், என்னென்ன டேக் (இமேஜுக்குச் சூட்டும் பதிப்புப் பெயர்), எந்தெந்த பிராசஸர் வகை என்ற விவரங்கள்தான் அதில் இருக்கும். அந்த ஃபைலை மாற்றச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் என்ற திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இமேஜ் பிறக்கும். ஒருவருடைய லேப்டாப்பில் வைரஸ் இருந்தாலும் அது நேராக இமேஜுக்குள் நுழைய வழி இல்லை.

எனக்கு டாக்கர் ஃபைல் எழுதத் தெரியும். அதிகாரபூர்வமா ஆக்குறது அவ்வளவு கஷ்டமா?

முதல்முறை எழுதுவது ஒரு சாயங்கால வேலை. அதற்குப் பிறகு வருகிற ஐந்து வருஷம்தான் கஷ்டம். ராஸ் ஜாஸி 2024 மே மாதம் வந்தது, 2029 வரை ஆதரவு உண்டு. அத்தனை காலமும் யாராவது ஒருவர் அந்த டெக்ஸ்ட் ஃபைலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நான் 'அதிகாரபூர்வ' என்ற சொல்லை 'நாளைக்கு உடைந்தால் யார் வந்து நிற்பார்' என்ற கேள்விக்கான பதிலாகத்தான் படிக்கிறேன். கல்லூரி முடித்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடப் போகிற மாணவர் அந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற அதிகாரபூர்வ இமேஜின்மேல் உங்கள் அடுக்கை வையுங்கள், போதும்.

சரி, விதிகளாவது சொல்லுங்க. அவங்க எதைத்தான் பார்ப்பாங்க?

தெரிந்துகொண்டால் உங்கள் சொந்த டாக்கர் ஃபைலும் தேறும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அடித்தளம். எந்த இமேஜின்மேல் கட்டுகிறோம் என்று சொல்லும் ஃப்ரம் வரியில் இன்னோர் அதிகாரபூர்வ இமேஜ்தான் இருக்க வேண்டும். உபுண்டு இமேஜ் புதுப்பிக்கப்பட்டால் அதன்மேல் நிற்கும் ராஸ் இமேஜும் தானாக மறுபடி கட்டப்படும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராஸ் தொகுப்பு மட்டும் புதிதாக வந்து உபுண்டு மாறாவிட்டால், டாக்கர் ஃபைலின் வரி அதேதான் என்பதால் பழைய கேஷே (முன்பு கட்டிச் சேமித்த அடுக்கே) தொடரும். இதற்காகத்தான் ராஸின் டாக்கர் ஃபைல்களில் தொகுப்பின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதி வைக்கிறார்கள். எண் மாறினால் வரி மாறும், வரி மாறினால் கேஷ் உடையும், புது இமேஜ் வரும்.

அடுத்தது கையொப்பச் சாவி. ஏபிடி (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) களஞ்சியத்தின் ஜிபிஜி சாவியை, அதாவது தொகுப்புகள் அசல்தான் என்று உறுதிசெய்யும் சாவியை, முழு விரல்ரேகை எண்ணோடு சரிபார்க்க வேண்டும். கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்த்தால் ஏற்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த எட்டு எழுத்து ஒத்துப்போகும்படி போலிச் சாவி தயாரிக்க முடியும்.

மூன்றாவது, ஏபிடி அப்டேட்டும் இன்ஸ்டாலும் டாக்கர் ஃபைலில் கட்டளையை ஓட்டும் ஒரே ரன் வரியில் இருக்க வேண்டும். பிரித்து எழுதினால் அப்டேட் அடுக்கு மட்டும் கேஷில் பழசாகிக் கிடக்கும். மூன்று மாதம் கழித்து இன்ஸ்டால் வரியை மாற்றும்போது, சர்வரில் இல்லாத பதிப்பைத் தேடி முட்டிக்கொண்டு நிற்கும். அதே வரியின் கடைசியில் தொகுப்புப் பட்டியல்களை அழித்துவிட வேண்டும். அடுத்த வரியில் அழித்தால் பிரயோஜனம் இல்லை, கீழ் அடுக்கில் அவை அப்படியே இருக்கும், எடை குறையாது.

நான்காவது, எனக்குப் பிடித்தது. இமேஜ் பெயருக்குப் பின்னால் 'பாஷ்' என்று கொடுத்தால் பாஷ், அதாவது கட்டளை தட்டும் ஷெல், திறக்க வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ராஸ் இமேஜில் தொடக்கத்தில் ஓடும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் உண்டு: ராஸ் சூழலை ஏற்றிவிட்டு, நீங்கள் கொடுத்த கட்டளையிடம் 'எக்ஸெக்' மூலம் இடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நாங்கள் எங்கள் இமேஜுக்கு இதே மாதிரி ஸ்கிரிப்ட் எழுதியபோது கடைசி வரியில் 'எக்ஸெக்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டோம். எல்லாம் ஓடியது. ஆனால் கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து நொடி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். பழைய லேப்டாப், மெதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு மாசம் நம்பிக்கொண்டிருந்தோம். விஷயம் என்னவென்றால், டாக்கர் ஸ்டாப் அனுப்புகிற 'முடித்துக்கொள்' சிக்னல் கன்டெய்னரில் முதலில் தொடங்கிய ஒன்றாம் எண் புராசஸுக்குத்தான் போகும். எக்ஸெக் இல்லாததால் அந்த இடத்தில் ஷெல் உட்கார்ந்திருந்தது. ஷெல் அதைச் சிமுலேட்டருக்குக் கடத்தவில்லை. பத்து நொடி பார்த்துவிட்டு டாக்கர் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. சிமுலேட்டர் எழுதிக்கொண்டிருந்த பதிவு ஃபைல்கள் அரைகுறையாக முடிந்ததற்கும் அதுதான் காரணம்.

டெஸ்க்டாப் இமேஜ் ஏன் சாய்கோடு போட்ட பேர்ல இருக்கு?

ராஸின் அதிகாரபூர்வ பட்டியலில் 'கோர்', 'பேஸ்', 'பெர்செப்ஷன்' போன்ற அளவான இமேஜ்கள்தான் இருக்கின்றன. திரையில் பார்க்கும் கருவிகளோடு வரும் 'டெஸ்க்டாப்' வகைகள் அதே ஃபவுண்டேஷனின் சொந்தக் கணக்கில் இருக்கின்றன. சின்னவை சில நூறு எம்பி. பெரியவை ஜிபி கணக்கு. ஃபவுண்டேஷனின் கணக்கில் இருப்பதால் நம்பி எடுக்கலாம். வேறு யாரோ ஒருவர் கணக்கில் 'ராஸ் ஃபுல் வொர்க்கிங்' என்று பெயர் போட்டு வைத்திருப்பதை எடுக்காதீர்கள்.

கஸீபோ ஓடுது, ஆனா ஜன்னல் திறக்கல.

வாரத்துக்கு மூன்று பேராவது கேட்பார்கள். கன்டெய்னருக்குத் திரை கிடையாது. உங்கள் லினக்ஸின் எக்ஸ்11 சாக்கெட்டை (திரையில் படம் வரைய வழிவிடும் வாசல்) உள்ளே மவுன்ட் செய்து, டிஸ்பிளே மாறியைக் கொடுத்து, எக்ஸ்ஹோஸ்ட்டில் உள்ளூர் அனுமதி தர வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்டெல் கிராபிக்ஸ் என்றால் டிஆர்ஐ டிவைஸை (கிராபிக்ஸ் சிப்புக்கான வழி) உள்ளே விட வேண்டும். என்விடியா என்றால் அவர்களுடைய கன்டெய்னர் டூல்கிட் வேண்டும். அப்போதும் 'கிராபிக்ஸ்' திறனைக் கேட்டு வாங்காவிட்டால் கணக்குப் போடுகிற வசதி மட்டும் வரும், படம் வராது. இத்தனையையும் தட்டச்சு செய்ய அலுப்பாக இருந்தால் 'ராக்கர்' என்ற கருவி இருக்கிறது, அது கட்டளையோடு தர வேண்டிய எல்லாத் தெரிவுகளையும் தானே சேர்க்கும்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாத லேப் மெஷின் என்றால் மென்பொருள் ரெண்டரிங்கைக் கட்டாயப்படுத்தலாம். படம் நகரும், ஆட்டு உரல் வேகத்தில்.

ஆனால் உண்மையில் ஜன்னல் தேவையா என்று யோசியுங்கள். கஸீபோவில் கணக்குப் போடும் சர்வர் வேறு, திரையில் காட்டும் முகம் வேறு. சர்வரை மட்டும் ஓடவிட்டு, கேமரா சென்சாருக்கு ஹெட்லெஸ் ரெண்டரிங் (திரையில்லாமல் படம் உருவாக்குவது) கொடுத்தால் ரோபோ ஓடும், படங்கள் டாபிக்கில் (செய்தி போகும் தடத்தில்) வரும். எங்கள் தேர்வுகளை இப்படித்தான் திருத்துகிறோம்: ரோபோ கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லும். பழைய அதிகாரபூர்வ கஸீபோ இமேஜும் இதே எண்ணத்தில் கட்டியதுதான். சர்வர் கன்டெய்னரில் 11345 போர்ட்டில் காத்திருக்கும், முகம் வெளியே லேப்டாப்பில் இருக்கும்.

ரெண்டாவது டெர்மினல்ல உள்ளே போனா 'ராஸ்2 கட்டளை இல்லை'ங்குது.

ஓடுகிற கன்டெய்னருக்குள் டாக்கர் எக்ஸெக் கட்டளையில் போனால் அந்தத் தொடக்க ஸ்கிரிப்ட் ஓடாது. உள்ளே போனதும் ராஸின் செட்டப் ஃபைலை நீங்களே சோர்ஸ் செய்யுங்கள் (அந்த ஷெல்லில் ஏற்றுங்கள்). அல்லது பாஷ் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் அதை ஒரு வரியாகப் போடுங்கள்.

போன வருஷம் நல்லா ஓடின இமேஜ், இப்ப ஏபிடி அப்டேட் போட்டா கையொப்பப் பிழை.

உங்கள் இமேஜுக்குள் இருக்கும் ராஸ் சாவி காலாவதி ஆகியிருக்கும். 2021 மே கடைசியில் ஒருமுறை ஆனது, 2025 ஜூன் 1-ல் இன்னொரு முறை ஆனது. இரண்டாவதற்கு முன்னால், சாவியையும் களஞ்சிய முகவரியையும் ஒரு தனித் தொகுப்பாகவே கொடுக்கத் தொடங்கினார்கள்; அந்தத் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டால் சாவியும் தானே மாறும். ஆனால் இமேஜ் என்பது ஒருநாள் எடுத்த அச்சு. பழைய அச்சில் பழைய சாவிதான் இருக்கும். அதிகாரபூர்வ இமேஜைப் புதிதாக இழுத்து, உங்கள் அடுக்கை மறுபடி கட்டுங்கள். டாக்கர் ஃபைலைத் தொலைத்துவிட்டு இமேஜை மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஜூனில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் மாட்டினார்கள்.

அப்போ 'ஜாஸி'ன்னு டேக் போட்டா எப்பவும் ஒரே இமேஜ்தான் வரும்னு நினைச்சது தப்பா?

தப்பு. டேக் என்பது பஸ் ஸ்டாண்டில் தொங்கும் 'திருமங்கலம்' பலகை மாதிரி. இன்று அதன் கீழே நிற்கிற பஸ் நாளைக்கு நிற்காது. அதே பஸ்தான் வேண்டும் என்றால் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். டைஜெஸ்ட் எனப்படும் ஷா256 எண்தான் அந்த நம்பர் பிளேட். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ஆய்வுக் கட்டுரையிலும் டைஜெஸ்ட்டை எழுதுங்கள். தினசரிப் பழக்கத்துக்கு டேக்கே நல்லது, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும்.

லேப்ல முப்பது பேரும் ஒரே நேரத்துல புல் போட்டோம். பாதிப் பேருக்கு வரவே இல்லை.

லாக்-இன் செய்யாதவர்களுக்கு டாக்கர் ஹப் 6 மணி நேரத்துக்கு 100 புல்தான், அதாவது 100 இமேஜ் இறக்கம்தான், தருகிறது, அதுவும் ஐபி முகவரிக்கு. கல்லூரி முழுக்க ஒரே பொது ஐபியில் வெளியே போகும். முப்பது பேர் ஆளுக்கு மூன்று நான்கு இமேஜ் இழுத்தால் கணக்கு முடிந்தது. 'அதிகப்படியான கோரிக்கைகள்' என்று பிழை வந்தால் அதுதான்.

ஒரு கல்லூரியில் பயிற்சி எடுக்கப் போனபோது எங்களுக்கே இது நடந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் வரை முப்பது திரையில் முப்பது பிழை. சார்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து டீக்கடைக்குப் போய் என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒருமுறை இழுத்து, டாக்கர் சேவ் போட்டு ஒரே ஃபைலாக்கிப் பென்டிரைவில் ஏற்றி, வரிசை வரிசையாக டாக்கர் லோட் செய்து மாலை மூன்றரைக்கு முதல் ரோபோ நகர்ந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் ஒரு பழைய லேப்டாப்பில் ரெஜிஸ்ட்ரி மிரர் ஓடவைத்து எடுத்துப் போகிறோம். முதல் ஆள் இழுக்கும்போது மட்டும் வெளியே போகும், மற்றவர்களுக்கு லேப்புக்குள்ளிருந்தே வரும். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளா என்று முன்னாடியே பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி.

நான் என் ரோபோவை ஓட்டினா பக்கத்து டீம் ரோபோவும் ஓடுதே?

சிரித்துவிட்டு அப்புறம் சரிசெய்வோம். ஹோஸ்ட் நெட்வொர்க்கில் (லேப்டாப்பின் நெட்வொர்க்கிலேயே) கன்டெய்னரை ஓடவிட்டால் ராஸ் 2 நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோரையும் தானே கண்டுபிடித்துப் பேச ஆரம்பிக்கும். யார் யாரோடு பேசலாம் என்று பிரிக்கும் டொமைன் ஐடி எல்லோருக்கும் இயல்பாக 0. டீமுக்கு ஓர் எண் கொடுங்கள், 0 முதல் 101 வரை கவலையில்லாமல் தரலாம். கஸீபோ தனக்குள் பேசிக்கொள்வதற்குத் தனி வழி வைத்திருக்கிறது; அதற்கு பார்ட்டிஷன் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

மாடல் ஒவ்வொரு தடவையும் மறுபடி டவுன்லோட் ஆகுது. ஃபைலெல்லாம் ரூட் பேர்ல வருது.

இரண்டுக்கும் காரணம் வேறு. மாடல் விஷயத்தில், கன்டெய்னரோடு உள்ளே இருப்பதும் போய்விடும் என்பதை மறந்துவிடுகிறோம். ஃபியூவல் என்ற கஸீபோ களஞ்சியத்திலிருந்து மாடல்கள் இறங்கும் ஃபோல்டருக்கு ஒரு வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் சேமிப்பிடம்) கொடுங்கள். ஃபைல் ரூட் (நிர்வாகி) பெயரில் வருவது கன்டெய்னர் ரூட்டாக ஓடுவதால்; உங்கள் யூசர் எண்ணோடு கன்டெய்னரை ஓடவிடுங்கள். உபுண்டு 24.04 இமேஜில் 1000 என்ற எண்ணில் 'உபுண்டு' என்ற யூசர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். பழைய டாக்கர் ஃபைலில் அதே எண்ணில் புது யூசர் சேர்க்கும் வரி இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ராஸ்பெர்ரி பையில் ஓடுமா? காசு கட்டணுமா?

ராஸ் இமேஜ் ஓடும், 64 பிட் ஆர்ம் வகையும் அதே டேக்கில்தான் இருக்கிறது. சிமுலேட்டரை லேப்டாப்பில் வையுங்கள், பை கையளவு கம்ப்யூட்டர், பாவம். காசு வேண்டாம்: கஸீபோ அப்பாச்சி 2.0 உரிமம், டாக்கர் எஞ்சினும் அப்படியே. டாக்கர் டெஸ்க்டாப்புக்குத்தான் பெரிய நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும்.

ஞாயித்துக்கிழமை வரும்போது என்ன கொண்டு வரணும்?

லேப்டாப், சார்ஜர், டிஸ்க்கில் 30 ஜிபி காலி இடம், 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து கொண்டு வாருங்கள். ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, எங்கள் இமேஜை டாக்கர் சேவ் செய்தால் வரும் டார் ஃபைல் அதைவிடப் பெரியது.